ஏழாம் நம்பர் துப்பாக்கிக்கு ஒரு ரெயில்

சாய்நாத் மூன்று ரெயில்களையும் கிளப் ஆபீஸ் மேஜைமேல் வரிசையாக வைத்தான். ஒவ்வொன்றும் இரண்டு விரல் அகலம், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளம். மேல்பக்கம் சீப்பைப் போலப் பல் பல்லாக வெட்டியிருந்தது. இதைத் துப்பாக்கியின் முதுகில் பொருத்தி, இதன்மேல் ஸ்கோப் என்கிற தூரப்பார்வைக் குழாயைப் பூட்ட வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஆனால் ராஜலக்ஷ்மி இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷமாகக் கிளெய்ம் ஃபைல் படிக்கிறவள். ஒன்றுபோல இருக்கிற மூன்று காகிதங்களில் எதில் வில்லங்கம் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

"இது சரிவு வச்சது மாமி," என்று முதல் ரெயிலைத் தொட்டுக் காட்டினான் சாய்நாத். அவன் கிளப்பின் செக்ரட்டரி. திலக் நகர்ப் பையன். முப்பத்தைந்து வயதாகியும் அவளுக்கு அவன் பையன்தான். "பின்பக்கம் ஒரு பொட்டு ஒசரம். நூறு, இருநூறு மீட்டர் சுடறவாளுக்கு சௌகரியம். எதுக்கும் இருக்கட்டுமேன்னு கொண்டுவரச் சொன்னேன்."

"நம்ம ரேஞ்சு எத்தனை மீட்டர்டா?"

"அம்பது."

"அதுக்கப்புறம் என்ன இருக்கு?"

"மண்மேடு. அப்புறம் சுவர்."

"சுவத்துக்கு அந்தாண்டை?"

"காலனி."

"அப்போ சரிவு எதுக்கு? காலனிக்காரா காயப்போட்ட துணியைச் சுடறதுக்கா?"

மூலையில் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த அஸாருதீன் வாய்விட்டுச் சிரித்தான். கிளப்பின் ஆயுத அறைக்கு அவன்தான் பொறுப்பு. சாவி அவன் இடுப்பில், பதிவேடு அவன் கையில். சரிவு வைத்த ரெயில் மறுபடி பெட்டிக்குள் போயிற்று.

மீதி இரண்டு. ஒன்று திருகாணி வைத்து இறுக்குவது. துப்பாக்கியின் மேல்தகட்டில் நான்கு துளை போட்டு, மரை வெட்டி, பசை வைத்துப் பூட்டிவிட்டால் அசையாது. திரும்பக் கழற்றவும் முடியாது. மற்றது கவ்விப் பிடிப்பது. மேல்தகட்டின் இரு ஓரமும் நீளவாக்கில் காடி என்கிற ஒடுங்கிய பள்ளம் ஓடுகிறது. அந்தக் காடிகளில் இதன் தாடை கடித்துக்கொள்ளும். இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தினால் கையோடு வந்துவிடும்.

ராஜலக்ஷ்மிக்கு இது ஏதோ பொழுதுபோக்குச் சாமான் வாங்குகிற விஷயம் அல்ல. போன அக்டோபரில் வலது கண்ணின் விழித்திரையில் ஓட்டை என்று சொல்லி ஆபரேஷன் செய்தார்கள். ஓட்டை அடைந்துவிட்டது. ஆனால் துப்பாக்கியில் பின்னால் உள்ள சின்னத் துவாரத்தையும், குழல் நுனி வளையத்தையும், ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கிற கறுப்பு வட்டத்தையும் ஒன்றாகப் பிடித்து நிறுத்த அந்தக் கண்ணால் இனி ஆகாது. வளையம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளிந்தது. ஸ்கோப் என்றால் அந்தத் தொல்லை இல்லை. குறிக்கோடும் வட்டமும் ஒரே தளத்தில் தெரியும். கண்ணில் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சர்ட்டிஃபிகேட் கொடுத்தால் ஸ்கோப் வைத்துச் சுடலாம் என்று கிளப் விதி அனுமதித்தது. ஆனால் அதே விதிப்புத்தகம், அட்டைக்கு இருபது குண்டு, இருநூறு மதிப்பெண் என்ற கணக்கில், மார்ச் கடைசிக்குள் நூற்றெழுபதுக்கு மேல் நான்கு அட்டை சுட்டுக் காட்டாதவர் சாதாரண உறுப்பினர் ஆகிவிடுவார் என்றும் சொன்னது. சாதாரண உறுப்பினர் வரலாம், உட்காரலாம், டீ குடிக்கலாம். சுட முடியாது. அவளிடம் சொந்தத் துப்பாக்கியும் இல்லை, லைசென்ஸும் இல்லை. இருபத்துநான்கு வருஷமாக அவள் சுடுவது கிளப்பின் ஏழாம் நம்பர், பாயிண்ட் டூ டூ துப்பாக்கி ஒன்றைத்தான்.

மாட்டுங்காவிலிருந்து ஞாயிறு காலை ஆறேகாலுக்குக் கிளம்பி, செம்பூர் வந்து, குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, ஒரு மணி நேரம் யாரைப் பற்றியும் எதைப் பற்றியும் நினைக்காமல் இருப்பது அவளுக்குக் கோயிலுக்குப் போவது மாதிரி. கோயிலுக்கும் போவாள். ஆனால் அங்கே போனால் யாராவது பேச்சுக் கொடுத்துவிடுவார்கள்.

"கவ்வறதே போறும்," என்றாள் ராஜலக்ஷ்மி. "ஏழாம் நம்பர் எனக்கு மட்டும் இல்லையே."

அது தெரசம்மாளுக்கும் உரியது. ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை ராஜலக்ஷ்மி, ஒன்பதுக்கு மேல் தெரசம்மாள் என்று ஆறு வருஷமாக ஏற்பாடு. தெரசம்மாள் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர், லேபர் கேம்ப் என்கிற குடியிருப்பில் வசிப்பவள், நாற்பத்துநான்கு வயது. பிப்ரவரியில் அவளுக்கு ரயில்வே கோட்டங்களுக்கிடையிலான போட்டி இருந்தது. அவள் சுடுவது பழைய முறையில், பின்துவார சைட் என்கிற குறிகாட்டி வைத்து. அந்த சைட்டும் அதே காடியில்தான் உட்காரும். கவ்வுகிற ரெயில் என்றால் ஒன்பது மணிக்கு அதைக் கழற்றிவிட்டு சைட்டைப் பூட்டிக்கொள்ளலாம். துளை போட்டுவிட்டால் சைட்டுக்கு இடமில்லை.

இவ்வளவும் தெரிந்துதான் ராஜலக்ஷ்மி சரியானதைத் தேர்ந்தெடுத்தாள். ஆனால் சரியானதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாக நடந்துவிடுவதில்லை.

ஜனவரி முதல் ஞாயிறு. ரெயிலைப் பூட்டி, ஸ்கோப்பைப் பூட்டி, முதல் ஐந்து குண்டும் ஒரு எட்டணாக் காசுக்குள் விழுந்தன. ராஜலக்ஷ்மிக்குக் கண்ணில் நீர் வந்தது. ஆறாவது வலப்பக்கம் தள்ளிப் போனது. ஒன்பதாவது வட்டத்தையே விட்டுப் போனது. அஸாருதீன் ரெயிலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். மயிரிழை ஆட்டம் இருந்தது.

"லூசா இருக்கு மேடம். டைட் பண்ணிட்டா போச்சு."

இறுக்கினான். ஐந்து குண்டு சரி. மறுபடி விலகல். அடுத்த ஞாயிறும் அதே கதை. மூன்றாம் ஞாயிறு, இறுக்க அளவு காட்டுகிற ஸ்க்ரூ டிரைவர் வைத்து, பெட்டியில் எழுதியிருந்த அளவுக்கே இறுக்கினார்கள். அதே கதை. இருபது குண்டில் நூற்று முப்பத்தெட்டு. ராஜலக்ஷ்மி அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"கவ்வறதெல்லாம் இவ்ளோதான் மாமி," என்றான் சாய்நாத். "துளை போட்டுடலாம். புனேலேர்ந்து துப்பாக்கி வேலை பார்க்கற கன்ஸ்மித் இந்தச் செவ்வாய் விட்டு அடுத்த செவ்வாய் வர்றார். லைசென்ஸ் உள்ள மனுஷர். நீங்க ஒரு லெட்டர் குடுத்தேள்னா கமிட்டில பாஸ் ஆயிடும்."

"தெரசா?"

"கேட்டுக்கலாம்."

ராஜலக்ஷ்மி அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் தெரசம்மாளைக் கேட்டாள். இந்த வரிசையை அவள் மனசு அப்போதே குறித்து வைத்துக்கொண்டது. வாய் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பது மணிக்கு வந்த தெரசம்மாள் கேட்டுவிட்டு ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"போடுங்கக்கா. ஒங்க கண்ணுக்கு ஆவுமின்னா போட்டுற வேண்டியதுதான். நான் மூணாம் நம்பர எடுத்துக்கிடுதேன். துப்பாக்கி எதுவா இருந்தா என்ன, சுடுத கை நம்ம கைதான?"

"போட்டி வரதேடி."

"அது கெடக்கு. போட்டி வருசா வருசம் வரும். கண்ணு வருமா?"

ராஜலக்ஷ்மி நிம்மதியாக வீட்டுக்குப் போனாள். நிம்மதி லால்பாக் நெரிசலில் மாட்டின பஸ்ஸைப் போல ஊர்ந்துதான் வந்தது, ஆனால் வந்தது. அவள் புருஷர் சங்கரன், "அவ மனசாரத்தான் சொன்னாளா?" என்று கேட்டார். "சிரிச்சிண்டேதான் சொன்னா," என்றாள். அவர் பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

சனிக்கிழமை கன்ஸ்மித்திடமிருந்து ஒரு செய்தி வந்தது. மேல்தகட்டின் அகலம் முன்னால், நடுவில், பின்னால் மூன்று இடத்தில் அளந்து அனுப்பவேண்டும். காடிக்குள் அளக்கவேண்டும். அரை நாள் ஆபீஸ் முடிந்ததும் ராஜலக்ஷ்மி கிளப்புக்குப் போனாள். அஸாருதீன் ஏழாம் நம்பரை எடுத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று திறந்து காட்டி, மேஜைமேல் துணி விரித்துக் கிடத்தினான். பிறகு வெர்னியர் அளவுகோலை வைத்துச் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்.

"பின்னால பதினொண்ணு. நடுவுல பதினொண்ணு. முன்னால... பதினொண்ணரை."

பேனா நின்றது. "மறுபடி பாரு."

"பதினொண்ணரைதான் மேடம்."

"ஒரே தகடு, ஃபாக்டரியிலே ஒரே மிஷின்ல வெட்டினது. முன்னால மட்டும் அரை மில்லிமீட்டர் எப்படிப் பருக்கும்?" முப்பத்திரண்டு வருஷ உத்தியோகம் அவளுக்குள் எழுந்து உட்கார்ந்தது. "டார்ச் எடு."

காடிக்குள் எண்ணெய்ப் பிசுக்கு படிந்ததுபோல ஒரு கறுப்பு. எல்லாத் துப்பாக்கியிலும் இருப்பதுதான். அவள் கைப்பையிலிருந்து ஒரு பல்குச்சி எடுத்து முன்பக்கம் சுரண்டினாள். மேலே கறுப்பாக வந்தது. உள்ளே மஞ்சள். பட்டாணித் தோல் மாதிரி ஒரு செதில் பெயர்ந்து துணியில் விழுந்தது. விரலில் நசுக்கினால் பொடியாகிற செதில். ராஜலக்ஷ்மி அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

சந்தனம்.

ரெயிலின் தாடை இத்தனை நாள் இரும்பைக் கடிக்கவே இல்லை. காய்ந்து இறுகின சந்தனத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குண்டின் அதிர்விலும் அது கொஞ்சம் பொடிந்தது, பிடி தளர்ந்தது. தெரசம்மாளின் சைட் பின்கோடியில் உட்காருவதால் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"இதை யாரு வச்சா?" என்றாள். "வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு நான்தான் வைப்பேன். கட்டையிலே ஒரே ஒரு பொட்டு. இரும்பு பக்கமே போகமாட்டேன்."

அஸாருதீன் தலையைச் சொறிந்தான். "இந்தத் தடவ நீங்க ஆஸ்பத்திரில இருந்தீங்கல்ல மேடம். கண்ணு ஆப்ரேஷன்."

"ஆமா?"

"தெரசாக்கா வந்தாங்க. ஸ்டேஷன் பக்கத்துல சந்தனம், குங்குமம், பூ எல்லாம் வாங்கிட்டு வந்தாங்க. அக்கா வருசந்தோறும் வைப்பாங்க, இந்த வருசம் வைக்கலன்னா அவங்க மனசு கஷ்டப்படும்னாங்க. எங்க வைக்கணும்னு என்னக் கேட்டாங்க. எனக்கு என்ன தெரியும்? மேலதான் எங்கயோ வைப்பாங்கன்னு சொல்லிட்டேன். அவங்க மொதல்ல சிலுவை போட்டுக்கிட்டு, அப்புறம் கிண்ணத்தோட குழைச்சு அப்பிட்டாங்க. நல்லா மணக்கட்டும்னு. நான் மறுநாள் தொடச்சேன். உள்ள போனது தெரியல. மேலயே எண்ணெய போட்டுட்டேன் போல."

ராஜலக்ஷ்மி நாற்காலியில் சாய்ந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் முகம் கவிழ்த்துப் படுத்திருந்த நாள் அது. ஆபரேஷனுக்குப் பிறகு அப்படித்தான் கிடக்கவேண்டும் என்று டாக்டர் உத்தரவு. பூஜை போயிற்றே என்று அன்றைக்கு அவள் நினைத்ததுண்டு. வேறு யாருக்கோ அது நினைவிருக்கும் என்று நினைத்ததில்லை. நல்லது செய்கிறவர்கள் சில சமயம் அளவு தெரியாமல் செய்துவிடுகிறார்கள். அளவு தெரிந்த நாமோ பல சமயம் செய்வதேயில்லை.

"நைலான் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் கொண்டா," என்றாள். இருவருமாக அரை மணி நேரம் காடியைத் தேய்த்தார்கள். மறுபடி அளந்தபோது முன்னால், நடுவில், பின்னால் மூன்றும் பதினொன்று. ரெயிலைப் பூட்டினார்கள். தாடை இரும்பில் கடித்தபோது டக்கென்று ஒரு சத்தம் வந்தது. அதுவரை ஒரு ஞாயிறும் அந்தச் சத்தம் வரவில்லை என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.

ரேஞ்ச் காலியாக இருந்தது. அஸாருதீன் சிவப்புக் கொடி ஏற்றினான். ராஜலக்ஷ்மி பத்து குண்டு சுட்டாள். இன்னொரு பத்து. இருபதும் ஒரே கூட்டில் அடைந்தன.

அவள் அங்கிருந்தே சாய்நாத்துக்கு ஃபோன் செய்தாள். "சாய், கன்ஸ்மித் வரவேண்டாம். லெட்டரைக் கிழிச்சுடு."

"கமிட்டில பாஸாயிடுத்தே மாமி."

"பாஸானா என்ன? துளை இன்னும் போடலையே. கிழி."

பிறகு செம்பூரிலிருந்து நேரே மாட்டுங்கா போகவில்லை. லேபர் கேம்புக்கு ஆட்டோ பிடித்தாள்.

தெரசம்மாளின் வீடு மாடியில், இரும்பு ஏணி வைத்த ஒற்றை அறை. மாலை ஐந்து மணி. பணிக்கான கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்கியது. தெரசம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் பதறி எழுந்தாள்.

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம? உள்ள வாங்க. ஏணி பாத்து. கண்ணு இப்பத்தான் சரியாயிட்டு வருது."

அலமாரிக் கதவில் குறி அட்டைகள் நான்கைந்து காந்தம் வைத்து ஒட்டியிருந்தன. ராஜலக்ஷ்மி கிட்டே போய்ப் பார்த்தாள். பழைய அட்டைகள் நூற்றுத் தொண்ணூறு, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. இந்த வாரத்து இரண்டு அட்டையில் மூன்றாம் நம்பர் என்று எழுதியிருந்தது. நூற்று எழுபத்தொன்று. நூற்று அறுபத்தாறு.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே," என்றாள் ராஜலக்ஷ்மி.

"எத?"

"மூணாம் நம்பர் ஒனக்கு ஆகலைன்னு."

"அதோட கட்ட நீளம்க்கா. என் கைக்கு எட்டல. பழகிரும்."

"மூணு வாரத்திலேயா?"

தெரசம்மாள் பானைப் பக்கம் திரும்பினாள். அரிசித் தண்ணீரை வடித்தாள்.

ராஜலக்ஷ்மி தரையில் உட்கார்ந்தாள். "நான் ஒண்ணு சொல்லணும். உன்னைக் கேக்கறதுக்கு முன்னாடியே நான் லெட்டர்ல கையெழுத்துப் போட்டாச்சு. அப்புறம்தான் கேட்டேன். நீ முடியாதுன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியலை. அது தப்பு. இப்போ லெட்டரைக் கிழிக்கச் சொல்லிட்டேன். துளை கிடையாது."

"அய்யோ, ஏன்க்கா? அப்போ ஒங்க கண்ணுக்கு?"

ராஜலக்ஷ்மி சந்தன விஷயத்தைச் சொன்னாள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஆட்டோவில் வரும்போது யோசித்திருந்தாள். ஸ்க்ரூ சரியில்லை என்று ஏதாவது சொன்னால் போதும். ஆனால் ஒரு பொய்யைச் சரிக்கட்ட இன்னொரு பொய் தேவைப்படும், அந்த வேலைக்கு அவளுக்கு வயசாகிவிட்டது.

தெரசம்மாள் கேட்டுக்கொண்டே வந்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் அழுகிறாள் என்றுதான் ராஜலக்ஷ்மி நினைத்தாள்.

"ஏ மாதாவே! நானா? மூணு வாரமா எல்லாரும் அந்த ரெயிலப் போட்டுத் திட்டுதிய, நானும் சேந்து திட்டுனேனே! சாய்நாத்கிட்ட, சீனாச் சரக்கா இருக்கும், திருப்பிக் குடுங்கன்னு வேற சொன்னேன்!"

"கிண்ணம் முழுக்கவா அப்புவா?"

"எனக்கென்னக்கா தெரியும்? எங்க கோயில்ல சந்தனம் சப்பரத்துக்குத்தான் பூசுவோம். சப்பரத்துக்குப் பூசினா தாராளமாத்தான் பூசணும். ஒங்க சாமி ஒரு பொட்டுல திருப்திப்படும்னு யாரு கண்டா?"

"மூக்கு வரைக்கும் மணத்திருக்கும்."

"அசாரு மூணு நாள் தும்முனான்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்த பிறகு ராஜலக்ஷ்மி, தெரசம்மாளின் கையைப் பிடித்து, "நான் முகம் கவுந்து கிடந்தப்போ நீ எனக்காகப் பூஜை பண்ணியிருக்கே. எனக்குத் தெரியவே தெரியாது," என்றாள்.

"சொல்லிட்டு செய்யுததா அது," என்றாள் தெரசம்மாள். "காப்பி குடிப்பியளா?"

மறுநாள் ஞாயிறு. ஏழு மணிக்கு ராஜலக்ஷ்மி படுத்தாள். சரிபார்க்கும் குண்டுகள் சுட்டு, ஸ்கோப்பை இரண்டு கிளிக் திருப்பி, பிறகு அட்டைக்குச் சுட்டாள். அவசரப்படவில்லை. நெளியாத வட்டத்தை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நேரம் பார்த்துவிட்டே விசையை அழுத்தினாள். இருபது குண்டு முடிய எட்டரை ஆயிற்று. சாய்நாத் எண்ணினான். நூற்று எழுபத்தாறு. நான்கு அட்டையில் ஒன்று.

"இன்னும் அரை மணி இருக்கு மாமி. ரெண்டாவது ஆரம்பிச்சுடலாமே? தெரசா கொஞ்சம் லேட்டானா ஒண்ணும் சொல்லமாட்டா."

"சொல்லமாட்டாங்கறதாலேதான்," என்று ராஜலக்ஷ்மி எழுந்தாள்.

மார்ச் முடிய இன்னும் ஒன்பது ஞாயிறு கிடந்தது. மூன்று அட்டைக்கு அது தாராளம். ரெயிலைக் கழற்றி, தெரசம்மாளின் சைட்டைப் பூட்டி, அவளுடைய பழைய அளவுக்குக் கொண்டுவர அரை மணி நேரம் வேண்டும். அதை அஸாருதீனிடம் விடாமல் அவளே செய்தாள். காடியைத் துணியால் துடைத்தாள். சைட்டின் விளிம்பு தகட்டில் இருந்த வெள்ளைக் கீறலோடு சேர்கிற வரைக்கும் தள்ளி, இறுக்கினாள். அந்த வேலைக்கு இடது கண் போதுமாக இருந்தது.

ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் தெரசம்மாள் வந்தாள். துப்பாக்கி தயாராகப் பாயில் கிடப்பதைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். படுத்தாள். ராஜலக்ஷ்மி பக்கத்தில் ஸ்டூல் போட்டு, குறிபார்க்கும் டெலஸ்கோப்பில் இடது கண்ணை வைத்துக்கொண்டாள்.

"பத்து," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பத்து." பிறகு, "ஒன்பது. வலப்பக்கம்."

தெரசம்மாள் தலையைத் தூக்கவில்லை. "சைட்டுல தப்பாக்கா, என் தப்பா?"

"சைட்டு நான் பூட்டினது. அதிலே தப்பு வராது. நீ மூச்சை விட்டுட்டே."

"ஆமா, சிரிப்பு வந்துட்டு," என்றாள் தெரசம்மாள். மறுபடி கன்னத்தைக் கட்டையில் சாய்த்தாள்.